உருளாத ராட்டினம்

என் அத்தை புருஷன் மனிதர்களைப் பற்றி எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்வார். பொருள்களைப் பற்றி மட்டும் அவருக்குப் பொய் வராது. முயற்சி செய்து பார்த்திருக்கிறார், தொண்டை அடைத்துக்கொள்ளும். பெயர் வேண்டாம். அவர் வம்சம் இன்றைக்கும் தர்மபுரியில் கடை வைத்திருக்கிறது. எனக்கு அங்கே சாமான் வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கம். தெருவில் ஒருத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் அதற்கு முந்தின வாரம்தான் தம்பி மேல் உலக்கையை எறிந்திருந்தாள். மாமா சபையில் உட்கார்ந்துகொண்டு, கண் கலங்கச் சொன்னார்:

"இந்தப் பொண்ணு அதுந்து பேசி இந்தத் தெருவுல ஒருத்தருங் கேட்டதில்லீங்க. எறும்பு போனாக்கூட வழி வுட்டு நிக்கும்."

மாப்பிள்ளை வீட்டார் உருகிப்போனார்கள். கல்யாணம் முடிவாயிற்று. மறுவாரமே அரக்குக் கலரில் கூறைப் புடவை கொண்டுவந்தார்கள். மாமா அதன் ஓரத்தை எடுத்து, எச்சில் தொட்டுக் கட்டைவிரலில் தேய்த்தார்.

"சாயம் நிக்காதுங்க."

"அண்ணே, சேலத்துல எடுத்ததுங்க."

"சேலத்துலயே நிக்காதுங்க."

முகூர்த்தத்தன்று மழை பெய்தது. தாலி ஏறும்போது பெண் கழுத்து வரைக்கும் அரக்காக இருந்தாள். அதிர்ந்து பேசாத அந்தப் பெண் அன்றைக்கு மாமியாரிடம் பேசியது பக்கத்து ஊருக்குக் கேட்டது.

ஒரு சாவு வீட்டிலும் அப்படித்தான். செத்தவர் ஊரில் ஒருவரோடும் ஒத்துப்போகாதவர். அடுத்தவன் வரப்பை வெட்டியே வாழ்ந்தவர். மாமா மார்பில் அடித்துக்கொண்டு, "தருமரு போய்ட்டாரே, இனி நாங்க ஆருகிட்ட ஞாயம் கேப்போம்" என்று அழுதார். அழுதுகொண்டே பாடையைப் பார்த்தார். அழுகை நின்றது.

"மூங்கி பச்சையா இருக்குது. வடக்கால வாரை தாங்காது."

"ஏய், வாய மூடுப்பா. தூக்குங்க."

தூக்கினார்கள். புளியமரத்துத் திருப்பத்தில் வடக்கு மூங்கில் ஒடிந்தது. தருமர் வரப்பு மேலேயே உட்கார்ந்தார்.

ஒரு பொருளை அவர் கண்ணால் பார்க்க ஆரம்பிக்க மாட்டார். முதலில் காதில் வைப்பார். அப்புறம் மூக்கில். அப்புறம் பல்லால் ஓரத்தைக் கடிப்பார். கடைசியில்தான் கண். ஊரில் யார் கிணற்றுக்குக் கயிறு வாங்கினாலும் அவரிடம் காட்டுவார்கள். காட்டிவிட்டு, வாங்கினவன் முகம் தொங்கித் திரும்பிப் போவான். அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவரைக் கண்டால் வாங்கின பானையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

அவருக்கு நிலம் கிடையாது. ஒகேனக்கல்லில் வெள்ளைக்கார அதிகாரிகள் மீன் பிடிக்க வரும்போது இரை பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். செத்த இரை இல்லை, உயிரோடு இருக்கிற இரை. விரல் நீளக் கெண்டை, சின்னத் தவளை. ஈர மண்பானையில் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி, ஒன்றுகூடச் சாகாமல் பங்களாவுக்குக் கொண்டுபோவார். வழியெல்லாம் பானைக்குள் பார்த்து, "ஒன்னும் ஆவாது கண்ணுங்களா, சும்மா ஆத்தைப் பாத்துட்டு வந்துரலாம்" என்று சொல்லிக்கொண்டே போவார். மீனை மனிதர் கணக்கில் சேர்த்திருந்தார் போலிருக்கிறது.

என் அப்பாவுக்கு இது ஆகாது.

"வெவசாயம் பண்றவனுக்குத் தங்கச்சியக் குடுக்கறதா நெனச்சேன். தவளை புடிக்கறவனுக்குக் குடுத்திருக்கறேன்" என்பார், சோற்றில் கை வைக்கும்போதெல்லாம். மாமா தலை நிமிராமல் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்து, "மச்சான் மாதிரி மனுசன் இந்த ஜில்லாவுலயே இல்லே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவார். அப்பாவுக்கு அது பொய் என்று தெரியும். ஆனாலும் தினமும் கேட்க ஆசைப்பட்டார்.

அவரும் அத்தையும் எங்கள் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தார்கள். அத்தைக்கு ஒரே ஆசை, தன் கையால் மூட்டித் தான் அணைக்கிற அடுப்பு. எங்கள் வீட்டில் அடுப்பு ஒன்று. அது என் அம்மாவுடையது. அத்தை பன்னிரண்டு வருடமாக அதில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். உப்பு போடும் உரிமை அவளுக்கு இல்லை.

யுத்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால், வருடா வருடம் ஒகேனக்கல் வருகிற பெரிய துரைக்குக் கடலோரத்துக்கு மாற்றலாயிற்று. காவிரியில் வாளை பிடித்த மாதிரியே கடலிலும் உயிர் இரை போட்டுப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பட்டணத்துக் கடைக்கு எழுதி, தூண்டில் கோலில் மாட்டுகிற ராட்டினம் மூன்று தருவித்தார். அவர்கள் ரீல் என்றார்கள். நாங்கள் ராட்டினம் என்றோம், கிணற்றில் இருப்பதும் அதுதானே.

மூன்றையும் மாமா மடியில் வைத்துவிட்டுத் துரை சொன்னதைப் பட்லர் தமிழில் சொன்னார்:

"கடலுக்கு எது ஆவும்னு நீ பாத்துச் சொல்லு. பத்து நாளு டைம். எப்புடி வேணும்னாலும் பாரு. மொரப்பூருல ரயிலேறும்போது தொரை கேப்பாரு. அப்புடியே நீயும் பொஞ்சாதியோட ஏறிக்க. அங்க ஆளுங்களுக்குத் தனித்தனி வூடு குடுக்கறாங்க."

"வூட்டுல அடுப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டாள் அத்தை.

"வூடுன்னா அடுப்பு இல்லாமயா?"

அத்தை அன்றைக்கே தகரப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

ஒன்று பெரிய பித்தளை ராட்டினம். கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. கைப்பிடியைச் சுற்றினால் 'கிர்ர்' என்று ராஜகம்பீரமாகச் சத்தம். இரண்டாவது கறுப்பு, நடுத்தரம். மூன்றாவது சாம்பல் நிறத்தில், முகம் கோணின மாதிரி ஒரு சின்னது. பக்கத்தில் வளைந்த கம்பி ஒன்று. விசித்திரம் என்னவென்றால், அதில் நூல் சுற்றியிருக்கிற உருளை உருளாது. அது சும்மா நிற்கும். நூல் அதன் விளிம்பில் வழுக்கிக்கொண்டு வெளியே போகும்.

தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. "உருளாத ராட்டினமா? ஏமாத்திப்புட்டான் தொரைய" என்றார் அப்பா.

மாமா சிரிக்கவில்லை. மூன்றையும் காதில் வைத்தார், மோந்தார், கடித்தார். பித்தளையைக் காதிலிருந்து எடுக்கும்போது கொஞ்சம் யோசித்தார். அப்புறம் அம்மாவின் பெட்டைக் கோழியைக் கேட்டார்.

"எதுக்குங்கண்ணா?"

"கெண்டைக்குப் பதிலா."

விஷயம் இதுதான். உயிர் இரைக்குத் தான் கட்டுப்பட்டிருப்பது தெரியக் கூடாது. தெரிந்தால் மிரளும், களைத்துப்போகும், செத்த இரையைப் பெரிய மீன் தொடாது. அதனால் இரை இழுக்கிற இழுப்புக்கு ராட்டினம் நூலை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மீன் விழுங்கின பிறகு அதே ராட்டினம் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். இதை மாமா விளக்கியபோது அத்தை, "என்னைக் கட்டிப்போட்டது எனக்கு மொத நாளே தெரிஞ்சு போச்சு" என்றாள்.

கோழியின் காலில் நூலைக் கட்டினார். பித்தளை ராட்டினத்தோடு கோழி இரண்டு எட்டு வைத்தது, திரும்பிக் காலைப் பார்த்தது, உட்கார்ந்து கத்தியது. கறுப்பு ராட்டினத்தோடு பத்து எட்டு நடந்து, நொண்டி, குப்புற விழுந்தது. உருளாத ராட்டினத்தைக் கட்டினார். கோழி போயிற்று. மேலத்தெருவில் மேய்ந்தது, ஒரு வீட்டில் நுழைந்து கொல்லை வழியாக வெளியே வந்தது, ஒரு சேவலோடு கொஞ்ச நேரம் நின்றது, வேறு பாதையில் திரும்பி வந்தது. காலில் நூல் இருப்பது அதற்குத் தெரியவே இல்லை. தெருவுக்குத் தெரிந்தது. மூன்று வீட்டு வாசலைச் சேர்த்துக் கட்டியிருந்தது நூல். அதை அவிழ்க்கச் சாயங்காலம் ஆயிற்று.

மறுநாள் காளைக் கன்று. அதன் கழுத்தில் நூலைக் கட்டி, ராட்டினத்தின் திருகாணியை இறுக்கிப் பிடித்தார். கறுப்பு ராட்டினத்தின் கைப்பிடி கழன்று அவர் முழங்காலைத் தாக்கியது. அதோடு அந்தக் கறுப்பின் கதை முடிந்தது. மற்ற இரண்டும் கன்றைப் பிடித்து நிறுத்தின.

மிச்சம் உப்பு.

எங்கள் பக்கத்தில் கடலைப் பார்த்தவர் யாரும் இல்லை, ஒரே ஒரு பாட்டியைத் தவிர. அந்தப் பாட்டி ராமேஸ்வரம் போய் வந்தவள். மாமா என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அவளிடம் கேட்டார்.

"கடலு எம்புட்டு உப்புங்க ஆயா?"

பாட்டி கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். "நார்த்தங்காய்க்குப் போடறமே, அம்புட்டு."

அம்மாவுக்கு அளவு புரிந்துவிட்டது. இரண்டு ஊறுகாய் ஜாடி எடுத்து, நார்த்தங்காய்க்குப் போடுகிற கணக்கில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினாள். ராட்டினங்கள் உள்ளே போயின. மேலே துணி கட்டினாள். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து ஜாடியைக் குலுக்கினாள், கைபடாமல் மரக் கரண்டியால் புரட்டினாள். ஆறாம் நாள் மாமா துணியை அவிழ்த்து மோந்து பார்த்தார்.

"கடல்ல எலுமிச்சம்பழ வாசனை அடிக்குமாம்மா?"

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "வெறும் உப்புல எப்புடிங்கண்ணா போடறது? பூஞ்சை புடிச்சுக்குமில்லே. நாலு பழந்தான் புழிஞ்சேன். ரெண்டு மொளகா கீறிப் போட்டேன்."

மாமா துணியைத் திரும்பக் கட்டினார். அம்மா மனுஷி. "உங்க கை பட்டா கடலே ருசியாயிரும்" என்றார்.

வெளியே எடுத்தபோது பித்தளை ராட்டினம் முன்னைவிட மூன்று மடங்கு மின்னியது. எலுமிச்சையில் ஊறின பித்தளை வேறு எப்படி இருக்கும்? அப்பாவே கும்பிடுகிற மாதிரி ஒரு கணம் பார்த்தார். உருளாத ராட்டினம் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்து, அம்மை கண்ட முகம் மாதிரி கிடந்தது. மாமா இரண்டையும் காதில் வைத்தார். பித்தளையை ரொம்ப நேரம் வைத்திருந்தார். நகத்தால் மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். மூடினார்.

"என்னுங்க?" என்றாள் அத்தை.

"வெளியில ஒன்னும் இல்லே."

"உள்ளே?"

"சத்தம் குடுத்து நூலை இறுக்கற கம்பிச் சுருள் இரும்பு. துருப்புடிச்சு ஒடிஞ்சுபோச்சு. மேலதான் பித்தளை. சின்னது உள்ள அப்புடியே இருக்குது, தோலுதான் போயிருக்குது."

அன்று மத்தியானம் பட்லர் வந்தார். அத்தையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, தொரை அந்தப் பித்தளையத்தான் மனசுல வெச்சிருக்காரு. அவங்கண்ணன் சீமையில இருந்து அதான் நல்லதுன்னு காயிதம் போட்டிருக்கறாரு. உங்கூட்டுக்காரரைக் கேக்கறது ஒரு பேச்சுக்கு. 'ஆமாங்க'ன்னு சொல்லிட்டு ரயிலேறச் சொல்லு. வேற எதுவும் பேச வேணாம்."

அத்தை மாமாவை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். நான் மாட்டுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மாடும் கேட்டது.

"சொல்லுங்க பாக்கலாம். 'பெருசு நல்லாருக்குதுங்க தொரை.'"

"பெருசு..."

"ம்."

"பெருசு... பெருசா இருக்குதுங்க தொரை."

"நல்லாருக்குது!"

மாமா இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. "தொண்டையில நிக்குது புள்ளே."

"உங்களுக்கு ஒரு பொய். எனக்கு ஒரு அடுப்பு" என்றாள் அத்தை. அப்புறம் குரலை இறக்கிக்கொண்டாள். "சரி, நல்லாருக்குதுன்னு சொல்ல வேணாம். எதுன்னு கேப்பாரு. 'பெருசு'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அது பொய்யில்லே, பெருசுதானே?"

மாமா யோசித்தார். "அது பெருசுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

பத்தாம் நாள் தர்மபுரியிலிருந்து சின்ன ரயில் ஏறி மொரப்பூர் போனோம். வழியனுப்ப அப்பா வரவில்லை, அம்மா வந்தாள், நான் பெரிய ரயிலைப் பார்க்கப் போனேன். அத்தை தகரப் பெட்டியோடும் புது இரும்பு வாணலியோடும் வந்திருந்தாள். வாணலியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தரம் தடவினாள், பிள்ளையைத் தடவுவது மாதிரி.

பிளாட்பாரத்தில் துரை நின்றிருந்தார். ரயில் வந்து நின்றது. பட்லர் பெட்டிகளை ஏற்றினார். துரை கையை நீட்டினார். மாமா மூன்று ராட்டினத்தையும் துண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

துரைக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "எது?" என்றார்.

"தொரை மாதிரி மீன் புடிக்கறவரு மூணு ஜில்லாவுல கெடையாதுங்க" என்றார் மாமா. போன வருடம் துரை பிடித்தது ஒரு கெளுத்தியும் பட்லரின் தொப்பியும்.

துரை சிரித்தார். "சரி, எது?"

"பெருசு."

அத்தை பெட்டியைத் தூக்கிவிட்டாள். ஒரு கால் ரயில் படியில் இருந்தது.

துரை பித்தளை ராட்டினத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அந்த மினுமினுப்பு அவர் முகத்தில் பட்டது. ரொம்ப சந்தோஷப்பட்டார். சந்தோஷத்தில் தேவையில்லாமல் இன்னொரு கேள்வி கேட்டார்.

"ரொம்ப நல்லது?"

ஒரு 'ஆமா' போதும். தலையை ஆட்டினாலே போதும். பட்லர் தன் தலையை ஆட்டிக் காட்டினார். அம்மா ஆட்டினாள். நானும் ஆட்டினேன். மாமா இருமினார். இருமிக்கொண்டே இருந்தார். கார்டு கொடியைப் பிரித்தான்.

"ஆவாதுங்க" என்றார் மாமா. "மொத பெரிய மீனுக்கே வுட்டுரும். உள்ள கம்பி போச்சு. அந்த உருளாதது நிக்கும். பாக்க நல்லாருக்காது, ஆனா நிக்கும்."

துரையின் கையிலிருந்தே பித்தளையின் மூடியைத் திருகிக் காட்டினார். ஒடிந்த சுருள் பழுப்பாகக் கிடந்தது. அதன் பக்கத்திலிருந்து ஓர் எலுமிச்சங்கொட்டை துரையின் பூட்ஸ் மேல் விழுந்தது.

துரை மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். "என்ன இது?"

பட்லர் வேறு வழியில்லாமல் சொன்னார்: "ஊறுகாய், தொரை."

துரை கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனார். பித்தளை ராட்டினத்தைப் பெட்டிக்குள் போட்டார். கறுப்பைப் பட்லரிடம் போட்டார். உருளாத ராட்டினத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கோட்டுப் பையில் போட்டார். எங்களை எதிலும் போட்டுக்கொள்ளவில்லை. ஏறிக் கதவைச் சாத்தினார். அத்தை படியிலிருந்து காலை எடுத்தாள்.

ரயில் போன பிறகு மொரப்பூர் பிளாட்பாரம் ரொம்ப நீளமாக இருந்தது. அத்தை தகரப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அம்மா அழுதாள். எலுமிச்சம்பழம் பிழிந்தவள் அழத்தானே வேண்டும்.

"நங்கே, வா, வூட்டுக்குப் போவலாம்" என்று அம்மா நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"கட்டுன பொட்டிய அவுக்க மாட்டேன்" என்றாள் அத்தை. "தர்மபுரியிலயே எறங்கிக்கறோம். சந்தைக்கிட்ட ஒரு குச்சு வூடு கெடைக்காமயா போவும். மூணு கல்லு வெச்சு நானே அடுப்பு மூட்டிக்கறேன். அண்ணங்கிட்ட சொல்லிருங்க."

மாமா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கிட்ட வரப் பயம்.

அத்தை அவரைக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. ஒரு 'ஆமா' சொல்ல வாய் வரலே. ஆனா பன்னெண்டு வருசமா என்னை ரதி மாதிரி இருக்கறேன், ரதி மாதிரி இருக்கறேன்னு சொன்னீங்களே, அது?"

மாமா தரையைப் பார்த்தார்.

"அதான பாத்தேன்" என்றாள் அத்தை. "இன்னைக்கு ஒரு நாளு என்னை மனுசின்னு நெனைக்காதீங்க. அந்த ராட்டினத்துல ஒன்னுன்னு நெனச்சுக்கங்க. பாத்துச் சொல்லுங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பிக்கொள்ளவில்லை. மாமா கிட்டே வந்தார். அந்தக் காலத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்கிற இடத்தில், அத்தையின் தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேப்பல்லு ரெண்டு முன்னால வந்திருக்குது" என்றார்.

"ம்."

"எடது தோளு எறக்கம். கோவம் வந்தா மூணு நாளைக்கு நிக்குது."

"அப்பறம்?"

மாமா இன்னொரு தரம் பார்த்தார். இருமல் வருமா என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"அப்பறம் ஒன்னும் இல்லே" என்றார். "தேயாது."

அத்தை முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அந்த இரண்டு பல்லும் அதற்குள் அடங்கவில்லை.